டின் கட்டரும் அப்பாவோட மோதிர விரலும்

இந்தப் பக்கம் தலை காட்டி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல தங்கமணி சொல்ற ஆணி அதைவிட அதிகம். அதனால மொக்கை போட நேரமில்லாம இருந்தேன். இப்பவும் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் சிட்னியில இருக்கிற ஒரு நண்பர்.

போன வாரம் போன் பண்ணினார். ஜனவரியில குடும்பத்தோட ஊருக்குப் போறாராம். பொள்ளாச்சி, டாப் ஸ்லிப், பரம்பிக்குளம், அப்படியே சுத்திக்கிட்டு மூணாறு, மீசைப்புலிமலை. "முதுகுல பை மாட்டிக்கிட்டு நடக்கப் போறோம் தலைவா. ஒவ்வொரு கிராமா எண்ணிக்கிட்டு இருக்கேன். கனமே இல்லாத ஒரு டின் ஓப்பனர் சொல்லுங்க"ன்னார்.

முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அரைக் கிலோ டின்னைத் தூக்கிப் பைக்குள்ள போட்டுட்டு, அதைத் திறக்கிற சாமான் எத்தனை கிராம்னு கவலைப்படுறது, முழு பிரியாணியையும் முடிச்சிட்டு சர்க்கரை இல்லாத டீ கேட்கிற மாதிரி. சிரிச்சிட்டுப் போனை வெச்சிட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. டின்னுன்னு சொன்னாலே எனக்கு ஞாபகம் வர்றது வேற. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

நான் பொறந்து வளர்ந்தது மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துல. அம்மா கொழுந்து பறிக்கப் போவாங்க, அப்பா ஃபேக்டரியில வேலை. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தாத்தா காலத்துல மலையேறின குடும்பம். வீட்டுல பேச்சு நெல்லை, பள்ளிக்கூடத்துல தமிழ் மீடியம், கடைத்தெருவுல மலையாளம். எங்க லயத்துல பால் டின்னு (கண்டென்ஸ்டு மில்க்கைத்தான் அப்படிச் சொல்வோம்) வர்றது வருஷத்துக்கு ரெண்டு தடவை. தீபாவளிக்கு ஒண்ணு, தங்கச்சி பொறந்த நாளுக்கு ஒண்ணு. அதைத் திறக்கிறது ஒரு திருவிழா. ஆணியை வெச்சு அம்மிக் குழவியால ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு தட்டு. ரெண்டு ஓட்டை. ஒண்ணுல காத்து போகும், இன்னொண்ணுல பால் வரும். அந்த ஓட்டையில வாய் வெச்சு உறிஞ்சாத பிள்ளை எங்க லயத்துல கிடையாது.

1989. எனக்கு எட்டு வயசு. தங்கச்சி பொறந்த நாள். அம்மா சேமியா பாயசம் வெச்சாங்க. ஓட்டை வழியா வடியறதுக்கு நேரமாகுதுன்னு அப்பா மூடியை முழுசா எடுக்கப் பார்த்தார். கையில கிடைச்சது விறகு வெட்டுற வெட்டுக்கத்தி. அதோட முனையை டின் மேல வெச்சு, மேல ஒரு அடி. முனை உள்ள இறங்குச்சு. அப்படியே நெம்பினார். பாதி மூடி நிமிர்ந்து நின்னுச்சு, ரம்பப் பல்லு மாதிரி. அடுத்த நெம்புல டின் வழுக்கிச்சு. பிடிச்சிருந்த இடது கை அந்த மூடி மேல போய் விழுந்துச்சு.

ரத்தத்தைப் பத்தி எழுதப் போறதில்லை. தையல் போட்டாங்க, ஊசி போட்டாங்க, காயம் ஆறிடுச்சு. ஆனா உள்ள விரலை மடக்குற நாண் அறுந்தது அப்ப எங்க யாருக்கும் புரியலை. "நரம்பு கொஞ்சம் பிடிச்சிருக்கு, சரியாயிரும்"னு அப்பாவே சொல்லிக்கிட்டு இருந்தார். மோதிர விரல் மடங்கவே இல்லை. இன்னைக்கு வரைக்கும் மடங்கலை. ஃபேக்டரியில மெஷின் பக்கத்துல நிக்கிற வேலைக்கு ரெண்டு கையும் சரியா பிடிக்கணும். அப்பா வாட்ச்மேன் வேலைக்கு மாறினார். ஓவர்டைம் போச்சு. அந்த வருஷத்துல இருந்து எங்க வீட்டுல டின்னே வாங்கினதில்லை. தங்கச்சி பொறந்த நாளுக்கு வெல்லப் பாயசம்தான்.

நிற்க.

அதனால டின் ஓப்பனரைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. ஒண்ணு இல்லை, நிறையவே இருக்கு.

தங்கமணி கொழிஞ்சாம்பாறைக்காரங்க. பாலக்காட்டுல இருந்து கிழக்கால வந்து தமிழ்நாட்டு எல்லையை முட்டுற இடம். பேச்சு கொங்கும் மலையாளமும் கலந்து கட்டி. அவங்க மாமா ஒருத்தர் வளைகுடாவுல இருபது வருஷம் இருந்தவர். கல்யாணமாகி முதல் தடவை மாமியார் வீட்டுக்குப் போனப்ப அலமாரியைப் பார்த்து அசந்துட்டேன். பால் பவுடர் டின், நீல டப்பாவுல க்ராஃப்ட் சீஸ், அன்னாசித் துண்டு டின்னு. கூடவே டின்னைத் திறக்கிறதுக்குன்னே ஒரு இரும்புச் சாமான். மரப்பிடி, முனையில கொக்கி. குத்தி, நெம்பி, குத்தி, நெம்பிப் போகணும். "மாப்ளைக்குச் சீஸ் எடுத்துக் குடுங்க"ன்னு மாமியார் சொல்ல, மாமனார் அந்தக் கொக்கியை ஓங்கினார். நான் எழுந்து திண்ணைக்குப் போயிட்டேன். புது மாப்பிள்ளைக்குச் சீஸ் பிடிக்கலை போலன்னு நினைச்சிக்கிட்டாங்க. காரணத்தைத் தங்கமணிகிட்ட சொன்னதே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்.

டின் விஷயத்துல ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கு. டின்னுல சாப்பாடு அடைக்கிறதுக்கு இங்கிலாந்துல பீட்டர் டியூராண்ட் காப்புரிமை வாங்கினது 1810. டின்னைத் திறக்கிறதுக்குன்னு அமெரிக்காவுல எஸ்ரா வார்னர் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினது 1858. நடுவுல கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, ஜனங்க உளியும் சுத்தியலும் வெச்சுத்தான் சாப்பிட்டிருக்காங்க. சிப்பாய்ங்க துப்பாக்கி முனைக் கத்தியால குத்தித் திறந்திருக்காங்க. எங்க அப்பா 1989-ல செஞ்சது 1820-ல உலகமே செஞ்சதுதான். கருவி கண்டுபிடிச்சு நூத்தி முப்பது வருஷம் ஆகியும் அது எங்க லயத்துக்கு வந்து சேரலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப நண்பர் கேட்ட விஷயத்துக்கு வர்றேன்.

நான் மெல்பர்ன் வந்த புதுசுல ஆபீஸ் கூட்டத்தோட மலைநடைக்குப் போக ஆரம்பிச்சேன். இங்க புஷ்வாக்கிங்னு சொல்றாங்க. எங்க அம்மா தினமும் கூடையோட செஞ்ச வேலைக்கு இங்க ஷூ, குச்சி, தொப்பின்னு ஆயிரம் டாலர் செலவு பண்றாங்க. கூட வந்த ஒரு பெரியவர், ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர், சாப்பாட்டு நேரத்துல சட்டைப் பையில இருந்து குட்டியா ஒரு தகடு எடுத்தார். ஒரு பக்கம் ஸ்பூன், ஒரு பக்கம் பல்லு. நாலஞ்சு நிமிஷத்துல டின்னைத் திறந்து, அதே ஸ்பூனால சாப்பிட்டு, நக்கித் துடைச்சு உள்ள வெச்சிக்கிட்டார். அதுக்குப் பேரு ஃப்ரெட். ஆஸ்திரேலிய ராணுவத்தோட உணவுப் பொட்டலத்துல வர்றது. "ஃபீல்ட் ரேஷன் ஈட்டிங் டிவைஸ்"ங்கிறதோட சுருக்கம். சிப்பாய்ங்க அதுக்கு வேற ஒரு விரிவாக்கம் வெச்சிருக்காங்க, குடும்பத்தோட படிக்கிறவங்க இருக்கிறதால அதை இங்க எழுத முடியாது :-)

அன்னைக்குத்தான் டின்னைத் திறக்கிறதுக்குப் பலம் வேண்டாம், ரத்தம் வேண்டாம்னு கண்ணால பார்த்தேன். அந்த வாரமே ஊர்ல ராணுவச் சாமான் விக்கிற டிஸ்போசல் கடைக்குப் போய்த் தேடினேன். அங்க கிடைச்சது ஃப்ரெட்டோட அமெரிக்க அண்ணன், பி-38.

இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். 1942-ல, ரெண்டாம் உலகப் போர் நடக்கிறப்ப, சிகாகோவுல இருந்த அமெரிக்க ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடத்துல உருவாக்கினது. ஒன்றரை அங்குல நீளத்துல ஒரு தகடு. அதோட கீல் போட்ட மாதிரி சின்னதா ஒரு பல்லு, மடிச்சு வெச்சுக்கலாம். எடை சுமார் 5 கிராம். நம்ம பழைய ஒரு ரூபாய் நாணயத்தோட கனம்தான். சிப்பாய்ங்க கழுத்துல தொங்குற அடையாளத் தகட்டுச் சங்கிலியிலயே மாட்டிக்குவாங்க. வியட்நாம் போர் வரைக்கும் கோடிக்கணக்கான டின்னுகளை இதுதான் திறந்திருக்கு. 1980-கள்ல ராணுவச் சாப்பாடு டின்னுல இருந்து பைக்கு மாறினதும் இதுக்கு வேலை போச்சு. பேரு ஏன் பி-38-ன்னு ரெண்டு கதை சொல்றாங்க. ஒரு டின்னைத் திறக்க 38 குத்து வேணும்ங்கிறது ஒண்ணு. நீளம் 38 மில்லிமீட்டர்ங்கிறது இன்னொண்ணு. இதோட பெரியண்ணன் பி-51, நீளம் சரியா 51 மில்லிமீட்டர். அதனால எனக்கு ரெண்டாவது கதை மேலதான் நம்பிக்கை. அதுலயும் நான் எண்ணிப் பார்த்துட்டேன், 38 குத்துல எனக்கு ஒரு டின்னும் முழுசாத் திறக்கலை.

எப்படி வேலை செய்யுதுன்னா, பல்லை நிமிர்த்திக்கணும். தகட்டுல ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதை டின்னோட விளிம்புக்கு அடியில மாட்டணும். பல்லு உள்பக்கம் மூடி மேல நிக்கும். கட்டை விரலால தகட்டை மெதுவா சாய்ச்சா, பல்லு மூடிக்குள்ள இறங்கும். நிமிர்த்தி, டின்னைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி சாய்க்கணும். அவ்வளவுதான். விளிம்பு நெம்புகோலுக்குத் தாங்கு புள்ளியா நிக்குது, அதனால கையோட பலம் பெருக்கப்பட்டு பல்லுக்குப் போகுது. முக்கியமான சமாச்சாரம் என்னன்னா, டின்னைப் பிடிச்சிருக்கிற கை மூடிப் பக்கமே வராது. கத்தியில அப்படி இல்லை. கத்தி எந்தப் பக்கம் வழுக்கும்னு கத்திக்கே தெரியாது.

பெண்ணு இடது கைக்காரி. பி-38 வலது கைக்குன்னு செஞ்சது. "இது வேஸ்ட்டுப்பா"ன்னு தூக்கிப் போட்டா. பத்து நிமிஷம் கழிச்சு அவளே வந்து, பல்லு தன்னைப் பார்த்திருக்கிற மாதிரி இடது கையில பிடிச்சு, எதிர்த் திசையில திருப்பி, ஒரு கடலை டின்னை முழுசாத் திறந்து காட்டினா. நான் சொல்லிக் கொடுத்ததை விட அவ கண்டுபிடிச்சது நல்லா இருந்துச்சு. அவளுக்குப் பி-51 வாங்கிக் கொடுத்தேன். நீளம் கூட, அதனால விரல் வலிக்கலை. எடை பி-38-ஐப் போல ரெண்டு மடங்கு இருக்கும், அப்பவும் ஒரு சாக்லேட் கனம்கூட வராது. குழந்தைங்க, வயசானவங்க, மூட்டு வலி இருக்கிறவங்க வீட்டுக்கு என் ஓட்டு பி-51-க்குத்தான். 5 கிராம் மிச்சம் பிடிக்கிறதுக்காக விரலை நோகடிச்சிக்க வேண்டாம்.

சமையலறையில சாவி மாதிரி திருகுற, ரெண்டு கைப்பிடி வெச்ச டின் கட்டர் இருக்கே, அதைத் தராசுல வெச்சேன். 230 கிராம். வீட்டுக்கு அதுதான் ராஜா, மலைக்கு அது வேண்டாம். இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை.

"ஸ்விஸ் கத்தி இருந்தா எல்லாத்துக்கும் ஆச்சே?"ன்னு கேட்பீங்க. ஆச்சுதான். அதுல இருக்கிற டின் பல்லு அருமையா வேலை செய்யும். நடுத்தர அளவுக் கத்தி 60 கிராம் சுத்தி வரும், கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கிடைக்கும். ஆனா சாவிக் கொத்துல தொங்குற ரொம்பக் குட்டிக் கத்தி வாங்கிடாதீங்க, அந்தப் பிரபலமான 58 மில்லிமீட்டர் அளவுல டின் பல்லு கிடையாது. வாங்கினப்புறம் தெரிஞ்சு நொந்துபோனவன் சொல்றேன். அப்புறம் விமானம். நாங்க ஊருக்குப் போறதே விமானத்துல. கத்தியைக் கைப்பையில மறந்து வெச்சு ஒரு ஏர்போர்ட்ல கொடுத்துட்டு வந்தேன். எந்த ஊர்னு சொல்லலை, தப்பு என்னோடது. தங்கமணி பொறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த கத்தி அது. அதுக்கப்புறம் மூணு நாள் வீட்டுல சமையல் நான்தான், அவ்வ்வ். பி-38 சாவிக் கொத்துல என்கூடப் பல தடவை பறந்திருக்கு, யாரும் கேட்டதில்லை. ஆனா கேட்கிற அதிகாரி ஒருத்தர் எங்கேயாவது இருப்பார். செக்-இன் பையில போட்டுடுங்க, நிம்மதி.

வளையம் இழுத்துத் திறக்கிற டின் வந்தப்புறம் ஓப்பனர் எதுக்குன்னு சிலர் கேட்கலாம். இதுக்கு மீசைப்புலிமலைக் கதையைத்தான் சொல்லணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர் லீவுல குடும்பத்தோட போனோம். மூணாறுல இருந்து ஜீப்புல சைலண்ட் வேலி எஸ்டேட் பக்கமாப் போகணும். (தங்கமணி ஊர்ப் பக்கம் இருக்கிற சைலண்ட் வேலி தேசியப் பூங்கா வேற, இது வேற. ரெண்டையும் குழப்பி பாலக்காட்டுல ரூம் போட்டவங்க எனக்குத் தெரியும்.) கேரள வன வளர்ச்சிக் கழகம்தான் அனுமதி கொடுத்து, வழிகாட்டியோட அனுப்புது. 2640 மீட்டர். உச்சியில நின்னா மேகம் கால்மாட்டுல கிடக்கும், கிழக்கால தமிழ்நாடு பள்ளத்துல தெரியும். நான் பொறந்த மலை, ஆனா நான் மேல ஏறினது அதுதான் முதல் தடவை. லயத்துப் பிள்ளைங்களுக்கு அந்தக் காலத்துல மலைங்கிறது ஏறிப் பார்க்கிற இடம் கிடையாது, அப்பா அம்மா வேலை பார்க்கிற இடம்.

பையன் காரம் தாங்க மாட்டான். அவனுக்குன்னு மெல்பர்ன்ல இருந்தே ஒரு பேக்ட் பீன்ஸ் டின் கொண்டு வந்திருந்தோம். (அப்பா அதை ஒரு தடவை வாயில வெச்சிட்டு, "மொச்சைக் கொட்டையில சீனிய அள்ளிப் போட்டிருக்கான்"னு தள்ளி வெச்சிட்டார்.) மேல காத்து, குளிர், விரல் விறைச்சுப் போச்சு. பையன் வளையத்தை இழுத்தான். டொக். வளையம் கையோட வந்துடுச்சு, மூடி அப்படியே இருக்கு. கவுத்துப் போட்டு அடியில திறக்கலாம்னா, இப்ப வர்ற பல டின்னுகளுக்கு அடிப்பக்கம் விளிம்பே கிடையாது, ஒரே தகட்டுல இழுத்துச் செஞ்சது. ஓப்பனர் மாட்ட இடமே இருக்காது.

வழிகாட்டியா வந்த தம்பி சின்ன வயசு, நம்ம எஸ்டேட் பையன். "குடுங்க அண்ணே, நான் பார்த்துக்கிறேன்"னு இடுப்புல இருந்து கத்தியை உருவினார். டின்னைத் தொடையில வெச்சுக்கிட்டு முனையை ஊன்றினார்.

நான் கத்தினதுல அந்தத் தம்பி பயந்துட்டார். பையன் அழ ஆரம்பிச்சிட்டான். பெண்ணு மட்டும் ஒண்ணும் பேசாம தன் பையில இருந்து பி-51-ஐ எடுத்து, டின்னை வாங்கி, தன் பக்கமாத் திருப்பித் திருப்பித் திறந்தா. ரெண்டு நிமிஷம். மூடியை முழுசா வெட்டலை. கடைசியில விரல் அகலம் விட்டு, அந்த இடத்துல மடிச்சு நிமிர்த்தினா. அப்படிச் செஞ்சா மூடி உள்ள விழாது, விரலை விட்டு எடுக்க வேண்டாம். சாப்பிட்டு முடிச்சதும் மூடியை உள்ள அமுக்கி, டின்னை மிதிச்சுத் தட்டையாக்கி, தடிமனான பையில போட்டு அவளே தூக்கிக்கிட்டு வந்தா. காட்டுல ஒரு டின்னை விட்டுட்டு வந்தா அது அங்கேயே பல வருஷம் கிடக்கும், வாசனைக்கு வர்ற மிளாவோ குரங்கோ வாயையும் காலையும் அறுத்துக்கும். பரம்பிக்குளம் போறவங்க இதைக் கூடுதலாக் கவனிக்கணும். அது கேரளக் காடு, ஆனா வண்டியில போற வழி சேத்துமடை, டாப் ஸ்லிப்புன்னு தமிழ்நாட்டுக் காட்டுக்குள்ள. ரெண்டு மாநில வனத்துறைச் சோதனைச் சாவடியையும் தாண்டணும். கொண்டு போற டின்னை எண்ணிக்கோங்க, திரும்பி வர்றப்பவும் அதே எண்ணிக்கை இருக்கணும்.

சரி, டின் தேவையா? என் கட்சி, நம்ம ஊர் மலையில பெரும்பாலும் தேவையில்லை. 425 கிராம் டின்னுல பாதிக்கு மேல தண்ணிதான், அதோட தகரத்தோட கனம் வேற. அவல், பொரிகடலை, சத்துமாவு, எள்ளுருண்டை, புளிசாதம். ஒரு நாள் நடைக்கு இதை மிஞ்சினது எதுவும் இல்லை. ஓப்பனர்ல 5 கிராம் மிச்சம் பிடிக்கிறதுக்குப் பதில் ஒரு டின்னைக் குறைச்சா அரைக் கிலோ மிச்சம்.

ஆனா டின்னை ஒரேயடியா ஒதுக்கவும் எனக்கு மனசு வரலை. காரணம் நெருப்பு. 2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலைப் பக்கத்துல இருந்து போடிப் பக்கம் இறங்கிக்கிட்டு இருந்த பிள்ளைங்களைக் காட்டுத்தீ சுத்தி வளைச்சதுல 23 பேர் போயிட்டாங்க. அப்பா ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலி பண்ண வேண்டியிருந்துச்சு, இப்ப போடியிலதான் இருக்கார். அன்னைக்கு ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சுன்னு போன்ல சொன்னார். நான் இருக்கிற விக்டோரியா மாநிலத்துல 2009 பிப்ரவரி 7 தீயில 173 பேர் செத்தாங்க. காய்ஞ்ச புல்லு எந்த நாட்டுல இருந்தாலும் ஒரே குணம்தான். கோடையில அந்த மலைகள்ல அடுப்பு பத்த வைக்கவே கூடாது. அப்ப சுடாம, வேக வைக்காம சாப்பிடக் கூடியதுதான் கையில இருக்கணும். டின் சாப்பாடு டின்னுக்குள்ளேயே வெந்தது, அப்படியே சாப்பிடலாம். ரெண்டு மூணு நாள் நடைக்குப் போறவங்க, கூடக் குழந்தை இருந்தா, அடுப்புக்குப் பதில் ரெண்டு டின் எடுத்துக்கிட்டா நான் குத்தம் சொல்ல மாட்டேன். அடுப்பு, எரிவாயு, பாத்திரம் எல்லாம் சேர்த்தா டின்னுக்குப் பக்கத்துல வந்துடும். டின் மீன் இல்லாம யாத்திரையே இல்லைங்கிற இலங்கை நண்பர்களும், சார்டின் இல்லாம சோறு இறங்காத மலேசிய நண்பர்களும் இப்ப என்னை மன்னிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

ஒண்ணுமே இல்லாம மாட்டிக்கிட்டா? டின்னைக் கவுத்து, சொரசொரப்பான பாறையிலயோ சிமெண்ட் தரையிலயோ விளிம்பை அழுத்தித் தேய்க்கணும். விளிம்போட மடிப்பு தேய்ஞ்சு போனதும் மூடி விட்டுடும். நேரமாகும், கொஞ்சம் மண்ணு விழும், குழம்பு வழியும். ஆனா பத்து விரலும் மிஞ்சும். கத்தியை மட்டும் தொடாதீங்க. இதை எத்தனை தடவை வேணும்னாலும் எழுதுவேன். வளையம் இழுத்துத் திறந்த மூடியும் பிளேடு மாதிரிதான், அதைக் குழந்தை கையில கொடுக்காதீங்க. தகரம் கிழிச்சா கழுவி, அமுக்கிக் கட்டி, டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டோம்னு யோசிங்க. விரல் மடங்கலைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட "மடங்கலை"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. எங்க அப்பா சொல்லலை.

மலை இறங்கி, பூப்பாறை, போடிமெட்டு வழியா போடிக்கு வந்தோம். பெண்ணு நடந்ததை எல்லாம் தாத்தாகிட்ட அவளோட தமிழ்ல சொன்னா. "கொண்டா, பாப்போம்"னார். பி-51-ஐக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ரெண்டு பக்கமும் பார்த்தார். "ஏலே, இதுக்கு எம்புட்டுக் குடுத்த?"

"நாலஞ்சு டாலர் இருக்கும்ப்பா."

"இத்துனூண்டு தகரத்துக்கா?"

பஜார்ல வளையம் இல்லாத டின்னாத் தேடினோம். மூணாவது கடையில ஒரு அன்னாசிப்பழ டின் கிடைச்சுது. அப்பா திண்ணையில உட்கார்ந்து, டின்னை மடியில வெச்சு, அந்த இடது கையால அணைச்சுக்கிட்டார். மோதிர விரல் மட்டும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பேத்தி பக்கத்துல உட்கார்ந்து, "மெதுவா தாத்தா, சாய்ச்சு நிமிர்த்துங்க, சாய்ச்சு நிமிர்த்துங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அம்மா அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. கிட்ட வரலை, உள்ளயும் போகலை.

முழுசாத் திறக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. மூடியைத் தூக்கிப் பார்த்துட்டு, "அன்னைக்கு இது இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சவர் முடிக்கலை. "ஒரு கிண்ணம் எடுத்துட்டு வா"ன்னு அம்மாகிட்ட சொன்னார்.

பி-51-ஐத் திருப்பித் தரலை. வீட்டுச் சாவியோட மாட்டிக்கிட்டார். போன ஞாயித்துக்கிழமை பேசினப்ப, பழைய லயத்துக்காரங்க ரெண்டு பேரு கேட்டாங்களாம், இன்னும் நாலு வேணும்னார். சிட்னி நண்பரே, உங்களுக்கு வாங்கினதோட அந்த நாலையும் சேர்த்து அனுப்புறேன். மூணாறுல இருந்து போடி வழியாத்தானே இறங்குவீங்க, ஒரு எட்டு வீட்டுக்குப் போய்க் கொடுத்துட்டு வந்துடுங்க. பாயசம் கிடைக்கும்.

பி.கு: மழையில நனைஞ்சா பி-38 துருப்பிடிக்கும். கழுவித் துடைச்சு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைங்க.